தங்கக் காசு 8 கிராம் இல்லை. அசல்தானா என்று எப்படி அறிவது?

மழைத்துளி: அவசரமாக உதவி தேவை. இணையவழியில் வாங்கிய தங்கக் காசு நேற்று வந்து சேர்ந்தது. 8 கிராம் இருக்கும் என்று நம்பி வாங்கினேன். வீட்டுத் தராசில் அதைவிடக் குறைகிறது. காந்தத்தில் ஒட்டவில்லை. திருப்பி அனுப்ப இரண்டே நாள்தான் இருக்கிறது. இது அசலா, போலியா?

கணக்கன்: எந்த நாட்டுக் காசு, எந்த ஆண்டு, எத்தனை காரட், எவ்வளவு குறைகிறது என்று தெரியாமல் யாரும் விடை சொல்ல முடியாது. தராசு எத்தனை தசம இடம் வரை காட்டும் என்பதையும் எழுதுங்கள். காந்தத்தை நம்பி இருந்துவிடாதீர்கள்; செம்பு, பித்தளை, ஈயம் எதையும் காந்தம் இழுப்பதில்லை. ஒட்டினால் போலி என்று உறுதியாகச் சொல்லலாம். ஒட்டாததால் தங்கம் என்று சொல்லிவிட முடியாது.

மஞ்சள்கோடு: உரைகல்லில் உரைத்து, அந்தக் கோட்டின்மேல் நைட்ரிக் அமிலம் ஒரு துளி விடுங்கள். பித்தளைக் கோடு உடனே கரைந்துவிடும். அதற்குமேல் எந்தச் சோதனையும் தேவையில்லை.

தராசுமுள்: பழைய காசை உரைத்தால் கீறல் விழுந்து, சேகரிப்போர் தரும் விலை போய்விடும் என்பது இங்கே பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. முலாம் தடிப்பாக இருந்தால் உரைகல் அந்த முலாமைப் பற்றி மட்டுமே பேசும் என்பதும் அப்படியே. பழைய பதிவுகளைப் படிக்கும் வழக்கம் ஒழிந்துவிட்டது போலும்.

மழைத்துளி: மன்னியுங்கள், ஐயா. பிரிட்டிஷ் சவரன், ஐந்தாம் ஜார்ஜ் தலை. தராசு 7.97 காட்டுகிறது.

தராசுமுள்: இதை முதலிலேயே எழுதியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சமாகியிருக்கும். சவரன் என்றால் 8 கிராம் என்பது நம் பேச்சுக் கணக்கு. அச்சிட்ட சவரன் காசின் எடை 7.988 கிராம், விட்டம் 22.05 மி.மீ., தரம் 22 காரட். கைமாறித் தேய்ந்த காசு ஏறத்தாழ 7.94 கிராம் வரை குறைந்தாலும் செல்லுபடியாகும் என்றே பிரிட்டிஷ் சட்டம் வரம்பு வைத்திருந்தது. எனவே 7.97 என்பது குறையே இல்லை.

கணக்கன்: எடை பொருந்தியதால் மட்டும் முடிவுக்கு வர வேண்டாம். ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, அளவைச் சுழியமாக்குங்கள். பிறகு காசை மெல்லிய நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி முழுவதும் மூழ்குமாறு கையால் தொங்கவிடுங்கள். தராசு 0.45 அல்லது 0.46 காட்டினால், 7.97-ஐ அதனால் வகுக்கும்போது அடர்த்தி 17.3 முதல் 17.7 வரை வரும். செம்பு கலந்த 22 காரட் தங்கத்தின் அடர்த்தி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. முலாம் பூசிய ஈயமாக இருந்தால் 0.70-ஐ ஒட்டிக் காட்டும். நூலில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்குப் பிசகிவிடும் என்பதைக் கவனியுங்கள்.

நீலமீன்: டங்ஸ்டனை மறந்துவிட்டீர்களே. தங்கத்தின் அடர்த்தி 19.3, டங்ஸ்டனுடையது 19.25. உங்கள் தண்ணீர்ச் சோதனையால் அதை எப்படிப் பிடிப்பீர்கள்?

கணக்கன்: அது 24 காரட் கட்டிகளுக்குப் பொருந்தும் அச்சம். 22 காரட் காசில் டங்ஸ்டனை வைத்தால் எடை கூடும், அல்லது அளவு சுருங்கும்.

நீலமீன்: எடை குறைந்த வேறு உலோகத்தைச் சேர்த்துச் சமன் செய்ய முடியாதா என்ன?

கணக்கன்: முடியலாம். ஆனால், கடினமான அந்த உலோகத்தைக் கொண்டு இத்தனை சிறிய காசில் அத்தனை பாடுபட்டால், மோசடிக்காரருக்கே கட்டுப்படியாகாது.

தராசுமுள்: இருவரும் தேவையற்ற இடத்தில் வாதாடுகிறீர்கள். சவரனில் தொல்லை தரும் போலிகள் பல உண்மையான தங்கத்தாலேயே செய்யப்பட்டவை. அரிய ஆண்டைப் பொறித்து, தங்கத்தின் மதிப்பைவிடக் கூடுதலாகப் பறிப்பதுதான் அவற்றின் நோக்கம். அவற்றைத் தண்ணீரும் காட்டாது, உரைகல்லும் காட்டாது. எழுத்தின் விளிம்பையும் விளிம்புப் பற்களையும் உருப்பெருக்கியால் பார்த்து, அசலோடு ஒப்பிட வேண்டும்.

மஞ்சள்கோடு: தங்கம் உண்மையென்றால் பிறகு அது எப்படிப் போலியாகும்?

தராசுமுள்: நாணயச்சாலை அடிக்காத காசு போலிதான். கேட்டவர் இன்னும் ஆண்டைச் சொல்லவில்லை என்பதை யாரேனும் கவனித்தீர்களா?

மழைத்துளி: 1917. அரிய ஆண்டு என்றதால் தங்க விலைக்கு மேல் நிறையக் கொடுத்தேன். தண்ணீரில் 0.46 வந்தது.

தராசுமுள்: அரிதானது லண்டனில் அடித்த 1917 மட்டுமே, போலிகள் மலிந்ததும் அதுதான். அதே ஆண்டில் சிட்னி, மெல்போர்ன், பெர்த், ஒட்டாவா நாணயச்சாலைகளும் சவரன் அடித்தன. குதிரைவீரன் உருவம் உள்ள பக்கத்தில், ஆண்டுக்கு நேர்மேலே தரைக்கோட்டில், நாணயச்சாலையைக் குறிக்கும் சிறிய எழுத்து ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். லண்டன் காசில் எழுத்து இருக்காது.

கணக்கன்: எழுத்து இல்லாவிட்டால் நாணயம் அறிந்த ஒருவரிடம் காட்டாமல் வைத்துக்கொள்ளாதீர்கள். இனி வாங்கும்போது எடை, தரம், ஆண்டு, நாணயச்சாலை நான்கும் எழுதிய ரசீதைக் கேளுங்கள். திருப்பிப் பெறும் வாய்ப்பை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் செலுத்துங்கள். முத்திரையிட்ட உறையை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். உறையையும் போலியாகச் செய்கிறார்கள்.

மழைத்துளி: ‘பி’ என்று இருக்கிறது, அதாவது பெர்த் காசு. விற்றவர் காட்டிய படத்தில் அந்த இடம் மங்கலாக இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன், பணம் இன்னும் வரவில்லை.