"அந்தப் புத்தகத்தை எடுத்துடுங்க" என்று நூலகத்தில் வந்து நின்றவர்கள்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம் வாசகன்:
பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்குக் கிளம்பிய எதிர்ப்பு எல்லாருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. 2015 ஜனவரி, அவர் இனி எழுத மாட்டேன் என்று அறிவித்த சமயம். கடலூர்ப் பக்கம் ஒரு சின்ன நூலகம். நாலைந்து பேர் உள்ளே வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்டார்கள். "இரவல் போயிருக்கு" என்றார் நூலகர் அம்மா. "யாரு எடுத்துட்டுப் போனது? நோட்டைக் காட்டுங்க."

எடுத்தது நான்தான். பேப்பர் படிக்கிற மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். புத்தகம் வெளியே சைக்கிளில், மஞ்சள் பைக்குள். அந்த அம்மா இரவல் பதிவேட்டை மூடி, அதன்மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டார். "யாரு என்ன படிக்கிறாங்கங்கறது வெளியில சொல்ற விஷயம் இல்லைங்க. ஆட்சேபம் இருந்தா எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்" என்று ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி வைத்தார். ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. சத்தம் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவ்வளவு நேரமும் அவர் கண் என் பக்கம் வரவே இல்லை. வந்திருந்தால் அவர்களும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இத்தனை வருடமாக மனசில் கிடக்கிறது.

லாஸ்பேட்டை டீச்சர்:
எங்களுடையது பள்ளி நூலகம், புதுச்சேரி. சாதி மாறிக் காதலிக்கிற கதை ஒன்று. ஒரு மாணவியின் அப்பா வந்து சண்டை போட்டார். தலைமையாசிரியர், "பீரோவுல வச்சுப் பூட்டிடுங்க" என்றார். நூலகர் சார் கேட்டது இவ்வளவுதான்: "அவர் பொண்ணுக்கு வேண்டாம்னா குடுக்கல சார். மத்த பிள்ளைங்களுக்கும் அவர்தான் முடிவு பண்ணணுமா?" புத்தகம் தட்டிலேயே இருந்தது. ஆனால் அந்தப் பெண் நூலகப் பாடவேளையில் அந்தத் தட்டைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வாள். அவளுக்கு நாங்கள் என்ன செய்தோம் என்ற கேள்வி இன்னும் உறுத்துகிறது.

நூலகத்துறை, ஓய்வு:
எனக்கும் ஒருமுறை போன் வந்தது. "உத்தரவு நகல் அனுப்புங்க" என்றேன். வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது வேலையில் இருப்பவர்களுக்குச் சிலதைச் சொல்லிவிடுகிறேன். போனில் சொல்வது தடை ஆகாது. மாநில அரசு, காரணத்தைக் குறிப்பிட்டு, அறிவிக்கை வெளியிட்டால்தான் ஒரு புத்தகத்தைப் பறிமுதல் செய்ய முடியும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 95ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) 98ஆம் பிரிவு. 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரில் 25 புத்தகங்களுக்குப் போட்டது அப்படிப்பட்ட ஆணை. அதையும்கூட இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். மூன்று நீதிபதிகள் சேர்ந்து விசாரிப்பார்கள். மேலே சொன்ன 'மாதொருபாகன்' விஷயத்தில் அதிகாரிகள் முன்னால் நடந்த சமரசப் பேச்சு யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னொன்று: சல்மான் ருஷ்டியின் 'சாத்தானிக் வெர்சஸ்' நாவலை இறக்குமதி செய்ய 1988இல் தடை போட்ட அறிவிக்கையின் நகலை டெல்லி உயர் நீதிமன்றத்தில் யாராலும் காட்ட முடியவில்லை. அப்படி ஒன்று இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது என்று 2024 நவம்பரில் வழக்கை முடித்தார்கள். முப்பத்தாறு வருடம்! அதனால் யார் வந்து கேட்டாலும் முதலில் ஆணையைக் கேளுங்கள்.

நெல்லிக்குப்பம் ரோடு:
ஐயா, நிரந்தர வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் "ஆணையைக் கேளுங்கள்" என்பது சரி. தொகுப்பூதியத்தில் ஊர்ப்புற நூலகம் பார்க்கிறவர் கேட்டால் மறுநாள் அவர் இருப்பாரா? இன்னொன்று, இப்போதெல்லாம் யாரும் வந்து மிரட்டுவது கிடையாது. எங்கள் பக்கத்து நூலகத்தில் கழிவு செய்ய ஒதுக்கிய கட்டைப் பார்த்தேன். கரையான் அரித்தது, அட்டை கிழிந்தது, பக்கம் போனது என்று ஒரே குப்பை. நடுவில் ஒரு புத்தகம் மட்டும் புத்தம் புதுசு. முதுகு மடங்கவில்லை, முத்திரையின் ஊதா மைகூட மங்கவில்லை. சாதியைப் பற்றிய புத்தகம். இதற்கு எந்த ஆணையைக் கேட்பது?

மஞ்சக்குப்பம் வாசகன்:
நான் சொன்ன அம்மாவும் தொகுப்பூதியம்தான் தோழர். அதனால்தான் எழுதினேன். வாசகர் வட்டத்தில் இருந்த நாங்கள், "அந்தப் புத்தகம் எங்களுக்கு வேண்டும்" என்று கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தோம். நூலகரைத் தனியாக விட்டுவிட்டு அவரிடமே துணிச்சலை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

ஈஸ்வரன் கோவில் தெரு:
பாரதியார் வாழ்ந்த வீட்டுக்கு அண்ணன் மகனைக் கூட்டிப்போயிருந்தேன். 1908இல் அவர் புதுச்சேரிக்கு வந்தது, இங்கிருந்து போன 'இந்தியா' பத்திரிகையை வெள்ளைக்காரன் தன் எல்லைக்குள் விடாதது, 1918இல் ஊர் திரும்பும்போது கடலூரில் பிடித்து உள்ளே வைத்தது எல்லாம் சொன்னேன். அசராமல் கேட்டுக்கொண்டான். அவர் இறந்தபிறகு, 1928இல் பாட்டுப் புத்தகத்தையும் பறிமுதல் செய்தார்கள் என்றதும் நின்றுவிட்டான். "செத்தவரோட பாட்டுக்கு எதுக்கு அத்தை பயந்தாங்க?" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

நூலகத்துறை, ஓய்வு:
நெல்லிக்குப்பம் ரோடு அவர்களுக்கு. கழிவு என்பது நூலகர் நினைத்தால் தூக்கிப்போடுவது இல்லை. பட்டியல் போட்டு, காரணம் எழுதி, மேலே அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி அந்தப் பட்டியலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். புத்தகத்தின் பதிவு எண்ணையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் மழுப்புவார்கள்.

நெல்லிக்குப்பம் ரோடு:
பதிவு எண் குறித்து வைத்திருக்கிறேன். யாரிடமாவது மாதிரி மனு இருந்தால் இங்கே போடுங்கள். திங்கள்கிழமை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.