எம்.டி. மைக்ரோபயாலஜி எடுத்தால் நோயாளிகளை மறந்துவிட வேண்டியதுதானா? டாக்டர் சுனிதி சாலமன் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வடகரையான்:
இன்டர்ன்ஷிப் முடிந்துவிட்டது. மருத்துவ மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பிஜியில் என் ரேங்குக்குப் பொது மருத்துவம் கிடைக்கிற மாதிரி தெரியவில்லை, எம்.டி. மைக்ரோபயாலஜி (நோய்க்கிருமிகளை ஆய்வகத்தில் ஆராயும் துறை) கிடைக்கும் போலிருக்கிறது. "அப்போ நீ டாக்டரா, லேப் ஆளா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். கேள்வி எனக்கும் உறுத்துகிறது, ஏனென்றால் வார்டில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுதான் இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சீனியர் ஒருவரிடம் புலம்பியபோது, "சுனிதி சாலமன் மைக்ரோபயாலஜிதானே, அவங்க நோயாளிகளைப் பார்க்கலையா?" என்றார். இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டுபிடித்தவர் என்பதற்கு மேல் எனக்கு அவரைப் பற்றித் தெரியாது. அவர் எப்படி அந்த இடத்துக்குப் போனார்? அந்த மாதிரிப் பாதை இன்றும் இருக்கிறதா?

ஆய்வகவாசி:
நான் மைக்ரோபயாலஜிதான், அரசுக் கல்லூரியில் வேலை. சுனிதி அம்மாவைப் பற்றி விவரமாகவே சொல்கிறேன்.

சென்னையில் தோல் வணிகம் செய்த மராத்திக் குடும்பத்துப் பெண். சென்னை மருத்துவக் கல்லூரியில் (எம்.எம்.சி.) படித்தார், இதய அறுவை மருத்துவர் விக்டர் சாலமனைத் திருமணம் செய்துகொண்டார், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போன இடங்களில் பதாலஜி (நோய்க்கூறியல்) பயிற்சி பெற்றார். 1973இல் சென்னை திரும்பிய பிறகுதான் மைக்ரோபயாலஜிக்கு வந்து, எம்.எம்.சி.யிலேயே பேராசிரியர் ஆனார்.

1981இலிருந்து எய்ட்ஸ் பற்றி வெளிநாட்டு மருத்துவ இதழ்களில் வந்ததை எல்லாம் விடாமல் படித்துக்கொண்டிருந்தவர் அவர். "அது அங்கே இருக்கிற நோய், நம் ஊருக்கு வராது" என்று பெரிய பெரிய ஆட்களே நம்பிய காலம். தன் முதுகலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஆய்வுக்கு இதையே எடுக்கச் சொன்னார். நிர்மலா முதலில் தயங்கியிருக்கிறார், பிறகு அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரிகள் எடுத்தார். சென்னையில் எலைசா (ரத்தத்தில் எச்.ஐ.வி. தொற்றைக் காட்டும் சோதனை) செய்ய வசதி இல்லை. ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை நிர்மலா வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, 1986 பிப்ரவரியில் தன் கணவரோடு ராத்திரி ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போக, எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பி வந்து மூடியைத் திறந்தால் ஆறு மாதிரிகள் மஞ்சளாகியிருந்தன. எலைசா பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மஞ்சள் என்றால் பாசிட்டிவ். அப்புறம் அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் என்ற இன்னொரு சோதனை செய்து உறுதிப்படுத்தினார்கள்.

பெரும்பாலானவர்கள் கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு நடந்ததுதான். பாசிட்டிவ் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த மனிதர் எங்கே போவார்? பல மருத்துவமனைகள் சேர்க்கவே மறுத்தன. நம் துறையில் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்ததாக நினைக்கும் பழக்கம் உண்டு, அவர் அப்படி நினைக்கவில்லை. 1993இல் அரசுப் பணியை விட்டுவிட்டு, அப்பா பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற எச்.ஐ.வி. மையத்தைத் தொடங்கினார். பரிசோதனை, ஆலோசனை, சிகிச்சை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. நோயாளிகள் வந்துபோனதால்தான் அங்கே ஆராய்ச்சியும் வளர்ந்தது. தொற்று வந்த பெண்களில் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு யாரோடும் உறவில்லாத இல்லத்தரசிகள் என்று அவர்கள் எழுதிய கட்டுரை, எதிரே உட்கார்ந்து பேசியதால் மட்டுமே தெரியவந்த உண்மை. மைக்ராஸ்கோப்பில் அது தெரியாது.

பழைய ஸ்டெத்:
ஆய்வகவாசி சொன்னது எல்லாம் சரி. ஆனால் தம்பி, அவரை மட்டும் வைத்து சீட் முடிவு எடுக்காதீர்கள். அவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர், வீட்டிலேயே இன்னொரு டாக்டர், அரசு வேலையை விடும் துணிச்சலும் வசதியும் இருந்தது. அதோடு அந்த நோய்க்கு அப்போது சொந்தம் கொண்டாட எந்தத் துறையும் வரவில்லை, காலியாகக் கிடந்த இடத்தில் அவர் போய் நின்றார். இன்றைக்கு எச்.ஐ.வி. சிகிச்சைக்கு ஒழுங்கான அமைப்பு இருக்கிறது. 2004இல் அரசு இலவச மருந்து கொடுக்க ஆரம்பித்தபோது தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று.

மைக்ரோபயாலஜிஸ்ட் வார்டுக்குப் போகிற வேலை இன்று வேறு வடிவத்தில் இருக்கிறது. ஐ.சி.யு.வில் எந்த ஆன்டிபயாடிக், எப்போது நிறுத்துவது, எந்தக் கட்டிலிலிருந்து எந்தக் கட்டிலுக்குக் கிருமி தாவியது, இதையெல்லாம் படுக்கை பக்கத்தில் நின்று முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எல்லாக் கல்லூரியிலும் அந்தப் பழக்கம் இல்லை. சேரப்போகும் துறைத் தலைவர் ரவுண்ட்ஸ் போகிறவரா என்று அங்கே படிக்கும் பிஜிக்களிடம் கேட்டுவிட்டு சீட்டை லாக் செய்யுங்கள்.

கனிமொழி_ஆலோசகர்:
நான் டாக்டர் இல்லை, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர். 1986 கதையில் பலரும் தாண்டிப்போகிற ஓர் இடம் இருக்கிறது. அந்தப் பெண்களிடம் எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று சொல்லவில்லை, பால்வினை நோய்க்கான சோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள். அந்தக் காலத்தில் அது வழக்கமாக இருந்திருக்கலாம். இன்று செய்ய முடியாது, செய்யவும் கூடாது: 2017 சட்டப்படி முன்கூட்டி விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் எச்.ஐ.வி. பரிசோதனை. சுனிதி அம்மாவின் மேல் எனக்கு இருக்கும் மரியாதை இதனால் குறையவில்லை. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை வேண்டும் என்பதை இங்கே ஊன்றியவர்களில் அவரும் ஒருவர். தொற்றுள்ளவர்களுக்குள் வரன் பார்த்துக் கல்யாணம் செய்துவைக்கும் வேலையையும் அவர் செய்தார். சிடி4 (எச்.ஐ.வி. தாக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கையும் பார்ப்பார், குடும்பமும் பார்ப்பார். அவர்களுக்குக் கல்யாண ஆசை இருக்கும் என்பதே அன்று பல டாக்டர்களுக்குத் தோன்றாத விஷயம்.

வடகரையான்:
எல்லோருக்கும் நன்றி. துறைத் தலைவர் பற்றிக் கண்டிப்பாக விசாரிக்கிறேன். இன்னொரு கேள்வி: அந்த மாணவி நிர்மலா அப்புறம் என்ன ஆனார்? அவரும் ஒய்.ஆர்.ஜி. கேர் போனாரா?

ஆய்வகவாசி:
இல்லை. 1987இல் தேர்வு முடித்துவிட்டு, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தடுப்பூசி தயாரிப்புப் பிரிவில் சேர்ந்து 2010இல் ஓய்வு பெற்றார். சுனிதி அம்மா 2015 ஜூலையில் காலமானார், 2017இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நிர்மலாவின் பெயர் வெளியே பேசப்பட்டது மிகவும் தாமதமாகத்தான், அதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. நீங்கள் மைக்ரோபயாலஜி எடுத்தால் தீசிஸ் தலைப்பை யாரோ கொடுத்ததாக எடுத்துக்கொள்ளாமல், உங்கள் மருத்துவமனை வார்டில் யாருக்கும் பதில் தெரியாத ஒரு கேள்வியைத் தேடிப் பிடித்து கைடிடம் கொண்டுபோங்கள், முதல் வருடத்திலேயே.