பொருள்: ‘லோன் ஃபர்கிவ்னஸ்’ – மன்னிப்பா, தள்ளுபடியா, வேறு சொல்லா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க மாணவர் கடன் பற்றிய என் கட்டுரை ‘லோன் ஃபர்கிவ்னஸ்’ என்ற தொடரில், அதாவது மீதிக் கடனைக் கட்ட வேண்டாம் என்று விட்டுவிடுவதில், சிக்கி நிற்கிறது. சென்ற வாரம் இங்கே கேட்டபோது நான்கு சொற்கள் வந்தன: கடன் கழிப்பு, கடன் விடுவிப்பு, கடன் தள்ளுபடி, கடன் மன்னிப்பு. நான்கையும் வாக்கியத்தில் இட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஓரிடத்தில் காலை வாருகிறது.

கழிப்பை முதலில் விலக்கிவிடுகிறேன். கொழும்பு அன்பர் சொன்னது சரி, கடன் கழித்தல் பழைய வழக்குதான். ஆனால் நாம் நாள்தோறும் கழிக்கும் கடன் காலைக்கடன். ‘அமெரிக்கக் கல்வித் துறை லட்சக்கணக்கானோரின் கடனைக் கழித்தது’ என்று அச்சில் போட்டுவிட்டு நான் தெருவில் நடமாட முடியாது.

விடுவிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இடைஞ்சல் நம் அரசுத் தமிழில் இருக்கிறது. ‘நிதி விடுவிப்பு’ என்றால் பணத்தைக் கொடுப்பது. ‘மாணவர்களுக்குக் கடன் விடுவிப்பு’ என்ற தலைப்பைப் பார்ப்பவர் புதிதாகக் கடன் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். அடுத்தது தள்ளுபடி. அதற்காக வாதிட்ட அன்பர் கேட்டது:

> செய்தித்தாள்கள் தள்ளுபடி என்றே எழுதுகின்றன. மக்களுக்குப் புரிந்த சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

புரியும், மறுக்கவில்லை. பயிர்க்கடன் தள்ளுபடி என்றால் யாருக்கும் புரியும். ஆடித் தள்ளுபடி என்றால் இன்னும் நன்றாகப் புரியும். மூன்றாவதாக ஒரு தள்ளுபடி இருக்கிறதே, ‘மனு தள்ளுபடி’, அதுதான் இந்தக் கதையில் வம்பு செய்கிறது. 2007-இல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று. அரசுப் பணியிலோ இலாப நோக்கற்ற அமைப்பிலோ முழுநேரம் வேலை செய்துகொண்டே 120 மாதத் தவணைகளைக் கட்டினால் மீதிக் கடன் போய்விடும். பள்ளி ஆசிரியர், செவிலியர், தீயணைப்பு வீரர், ஏழைகளுக்காக வாதாடும் அரசு வழக்கறிஞர் என்று பலருக்கும் பொருந்தும். பத்தாண்டு முடிந்து 2017-இல் முதல் விண்ணப்பங்கள் வந்தன. தொடக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நிராகரிக்கப்பட்டன. உங்கள் சொல்லில் எழுதினால், ‘தள்ளுபடி கோரிய மனுக்கள் தள்ளுபடி’. வாசகர் எதைப் பிடித்துக்கொள்வார்?

ஏன் நிராகரித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லுக்கு அது தேவைப்படுகிறது. அரசே நேரடியாகக் கொடுத்த கடன்தான் கணக்கில் சேரும். அரசு உத்தரவாதத்தின் பேரில் வங்கிகள் கொடுத்த பழைய வகைக் கடன் சேராது. தவணைத் திட்டமும் குறிப்பிட்ட வகையாக இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்காகக் கட்டிய பிறகே இதைத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. 2021-க்கு முன்பு பலன் பெற்றவர்கள் ஏறத்தாழ 7,000 பேர். விதிகளைத் தளர்த்திய பின் 2024 அக்டோபரில் அது 10 லட்சத்தைத் தாண்டியது. அந்தப் பத்து லட்சம் பேரும் வேலையைச் செய்து, தவணையைக் கட்டி, படிவத்தை நிரப்பி வாங்கியது இது. இதில் தள்ளிவிட்டது என்று சொல்ல என்ன இருக்கிறது?

மன்னிப்பு இதைவிட மோசம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கடனை விட்டுக்கொடுத்தல் என்ற பொருள் நெடுங்காலமாக இருக்கிறது. தமிழில் மன்னிப்பு என்றால் குற்றம் வேண்டும், குற்றவாளி வேண்டும். ‘செவிலியரின் கடன் மன்னிக்கப்பட்டது’ என்று படித்ததும் அவர் என்ன தப்புச் செய்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. படித்தார், பிறகு பொது மருத்துவமனையில் பத்தாண்டு இரவுப் பணி பார்த்தார். வேறொன்றும் செய்யவில்லை. இந்த உறுத்தலை அமெரிக்கரே உணராமலில்லை. 1958-இல், சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் கிளப்பிய பயத்தில் கொண்டுவந்த தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில், பொதுப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுப்பவரின் மாணவர் கடன் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வீதம் பாதிவரை ரத்தாகும் என்று எழுதினார்கள். வேலைக்கு ஈடாக அரசு குறைத்துக்கொள்ளும் தொகை அது. அங்கே அருள்பாலிக்கும் தொனி இல்லை.

நமக்கு ஒரு வசதி அவர்களுக்கு இல்லாதது. கடன் என்றால் வாங்கிய பணம். கடன் என்றால் கடமையும்தான். ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்று அப்பர் சொன்னபோது எந்த வங்கியையும் நினைக்கவில்லை. ஆனாலும் 120 தவணைச் சட்டத்துக்கு அதைவிடச் சுருக்கமான விளக்கவுரையை நான் பார்க்கவில்லை. (சைவ அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

ஆகவே என் பரிந்துரை: பணித்தீர்வு. கடன் தீர்ந்தது என்பது வீட்டுத் தமிழ். மன்னிப்பவர், தள்ளுபவர் என்று மேலே ஓர் ஆளை அது கேட்பதில்லை. ‘பத்தாண்டில் என் கடன் பணியால் தீர்ந்தது’ என்று கடன்பட்டவரே சொல்லலாம். வருமானத்துக்கு ஏற்றபடி 20 அல்லது 25 ஆண்டு கட்டியவரின் மீதி போகிறதே, அது காலத்தீர்வு. உடல் ஊனம், கல்லூரியே மூடப்பட்டது, கல்லூரி ஏமாற்றியது போன்ற காரணங்களுக்கு அவர்கள் ‘டிஸ்சார்ஜ்’ என்கிறார்கள். அதற்குக் கடன் நீக்கம் போதும். ரத்து என்ற சொல்லை ஒரே ஆணையில் எல்லோருக்கும் செய்வதற்கு ஒதுக்குவேன். பைடன் 2022 ஆகஸ்டில் அறிவித்த 10,000 டாலர், ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை பெற்றவர்களுக்கு 20,000 டாலர் என்பது ரத்து. 2023 ஜூன் 30-இல் உச்ச நீதிமன்றம் 6–3 என்று அதை வீழ்த்தியது. அதே நாளில் பணித்தீர்வுக்கு ஒன்றும் நேரவில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் இது வாசகருக்கு விளங்காது.

கடைசியாக, திவாலானவர் மாணவர் கடனிலிருந்து விடுபட நிரூபிக்க வேண்டிய ‘அன்ட்யூ ஹார்ட்ஷிப்’புக்குத் தாங்கொணா இடர் என்று வைத்திருக்கிறேன். எவ்வளவு இடர் தாங்கொணாதது என்று சட்டம் வரையறுக்கவில்லை, நீதிமன்றங்கள்தான் அளக்கின்றன; சொல்லும் அப்படியே தெளிவில்லாமல் இருக்கட்டும்.

அன்புடன்,
மொழிபெயர்ப்பாளன்

* * *

தம்பி,

நான் முப்பத்தொரு ஆண்டு வங்கியில் இருந்தவன். வங்கித் தமிழில் தீர்வு என்றால் ‘ஒருமுறைத் தீர்வு’. கட்ட முடியாதவனோடு பேரம் பேசிக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு கணக்கை மூடுவது. உங்கள் செவிலியரை அந்த வரிசையில் நிறுத்துகிறீர்கள், பாருங்கள்.

இன்னொன்று. கடன் தானாகத் தீர்ந்ததுபோல் எழுதுவது அழகு. மீதியை யாரோ ஏற்கத்தானே வேண்டும்? ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசு) மாணவர் கடன் மட்டும் 1.6 லட்சம் கோடி டாலருக்கு மேல், கடனாளிகள் நாலு கோடிக்கும் அதிகம் என்கிறார்கள். கல்லூரி வாசலையே மிதிக்காத தச்சரின் வரியும் அதில் இருக்கிறது. தள்ளுபடி என்ற சொல்லில் கொடுப்பவன் ஒருவன் இருக்கிறான் என்பதாவது தெரிகிறது. உங்கள் சொல் அவனை மறைத்துவிடுகிறது. அமெரிக்காவில் இருக்கும் நம் ஆசிரியை என்ன சொல்கிறார்?

* * *

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் வணக்கம்.

டெக்சாஸில் பொதுப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். பட்டமேற்படிப்புக்கு வாங்கிய கடன் இருக்கிறது. இதுவரை 83 தவணை.

ஐயா சொல்லும் தச்சரை எனக்குத் தெரியும். அவர் மகள் என் வகுப்பில் இருக்கிறாள். அவர் வரியும் என் கடனில் போகிறது என்பது உண்மை. அந்த வரிக்கு அவருக்குக் கிடைப்பது, இதைவிட நல்ல சம்பளத்துக்குப் போயிருக்கக்கூடிய ஒருத்தி போகாமல் அங்கே நிற்பது. இது நன்கொடையா கூலியா என்று எனக்குச் சில நாள் சந்தேகம் வரும். சம்பளச் சீட்டைப் பார்த்தால் தெளிந்துவிடும்.

எங்கள் மாநிலத்துக் கதை ஒன்று. 1965 நவம்பர் 8-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட வாஷிங்டனில் உட்காரவில்லை. சான் மார்கோஸில் தாம் படித்த கல்லூரிக்கே வந்தார். கடன் வாங்கியும் சில்லறை வேலைகள் பார்த்தும் அங்கே படித்தவர். படிப்பின் நடுவே கோட்டுல்லா என்ற ஊரில் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்கு ஒரு கல்வியாண்டு பாடம் எடுத்தவர். அந்தக் குழந்தைகளை மறக்கவில்லை என்று அன்று பேசினார். ஃபெடரல் மாணவர் கடன் பெருகியது அந்தச் சட்டத்தின் வழியே. கடனையும் ஆசிரியப் பணியையும் ஒரே ஆள் சுமந்த கதையிலிருந்துதான் இது தொடங்குகிறது.

பணித்தீர்வு எனக்குச் சரி. ஒருமுறைத் தீர்வோடு குழம்பாது, முன்னே ‘பணி’ இருக்கிறது. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், நாக்கில் தடையில்லை. ஒற்று மிகும்தானே? ‘பணிதீர்வு’ என்று யாராவது எழுதினால் வேலை போய்விட்டது என்று தோன்றும்.

எனக்கும் ஒரு சொல் வேண்டும். ‘ஃபோர்பேரன்ஸ்’. நான் சேர்ந்திருந்த தவணைத் திட்டத்தை நீதிமன்றம் முடக்கியதும் எங்கள் எல்லோரையும் அதில் போட்டுவிட்டார்கள். தவணை கட்டத் தேவையில்லை. ஆனால் அந்த மாதங்கள் 120-இல் சேராது. நான் தினமும் பள்ளிக்குப் போனேன், எண் 83-லேயே நின்றது. அகராதியில் பார்த்தால் பொறை, பொறுமை என்று போட்டிருக்கிறது. யார் யாரைப் பொறுத்துக்கொண்டார்கள் என்றே தெரியவில்லை. ‘தவணை முடக்கம்’ என்றால் பொருந்துமா? அண்ணா கட்டுரையை அனுப்புமுன் சொன்னால் நல்லது.