கோத்தகிரி ஏற்றத்துக்கு எந்தச் சிறிய மின்சாரக் கார்?

கோத்தகிரிவாசி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரியில் வசிக்கிறேன். நாள்தோறும் குன்னூரிலுள்ள அலுவலகத்துக்குச் சென்று வருவதோடு, மாதத்தில் ஓரிரு முறை அம்மாவை மருத்துவப் பரிசோதனைக்காகக் கோவைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. பழைய பெட்ரோல் காரை விற்றுவிட்டு எம்ஜி காமெட், டாடா டியாகோ இவி, டாடா பஞ்ச் இவி ஆகிய மூன்றில் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். ஷோரூமில் சொல்லும் மைலேஜ் மலைக்குப் பொருந்தாது என்பது தெரியும். எவ்வளவு குறையும் என்பதுதான் தெரியவில்லை. வீட்டில் 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் ஒன்று மட்டுமே உள்ளது. அது போதுமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அரவேணு ஆசிரியர்:
வணக்கம் ஐயா. குன்னூர் போய்வர மூன்றுமே போதும். அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கோவைப் பயணத்தை வைத்துத்தான் தாங்கள் முடிவெடுக்க வேண்டும், அதிலும் கிலோமீட்டரைவிட உயரத்தைக் கணக்கிட வேண்டும்.

கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றே தாண்டும். ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள காரை 1,500 மீட்டர் மேலே தூக்குவதற்கு மட்டுமே ஐந்தே முக்கால் யூனிட் மின்சாரம் செலவாகும். டயர் உராய்வையும் மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால், 33 கிலோமீட்டர் ஏற்றத்துக்கு ஒன்பது முதல் பத்து யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோவை போய்வரச் சுமார் எட்டு யூனிட் ஆகும். இறக்கத்தில் மோட்டாரே பிரேக்போல் காரை இழுத்துப் பிடித்துப் பேட்டரிக்குத் திருப்பும் மின்சாரம் அந்த இறக்கத்தின் செலவுக்குச் சரியாகிவிடும். ஆக மொத்தம் 18 யூனிட்.

காமெட்டின் பேட்டரி 17.3 யூனிட்தான், அதில் டிசி வேகச் சார்ஜ் (பொதுச் சார்ஜ் நிலையத்தில் விரைவாக ஏற்றும்) வசதியும் இல்லை. டியாகோவில் 19.2, 24 என இரண்டு பேட்டரிகள் உண்டு. சிறியதைத் தாங்கள் நினைக்கவே வேண்டாம். 2024 ஜனவரியில் வந்த பஞ்ச் இவியில் பெரிய பேட்டரி 35 யூனிட்.

இதில் மலைக்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சங்கடத்தை விற்பவர்கள் சொல்வதில்லை. நாம் சார்ஜ் செய்வது மேலே, புறப்பட்டவுடனேயே இறக்கம்தான். பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் உண்டாகும் மின்சாரத்தை ஏற்க அதில் இடமிருக்காது. கொண்டை ஊசி வளைவுகளின் சுமை முழுவதும் சாதாரண பிரேக் மீதே விழும். எனவே 80 சதவீதத்தோடு இறங்குவதே நல்லது. அப்படிப் பார்த்தால் 24 யூனிட் டியாகோவில் கையில் இருப்பது 19 யூனிட்தான், ஆகவே மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்தில் கோவையிலேயே வேகச் சார்ஜரில் அரை மணி நேரம் போட்டாக வேண்டும். பஞ்சில் 28 யூனிட்டோடு இறங்கலாம்; பத்து யூனிட் மிச்சத்தோடு வீடு வந்து சேரலாம்.

ஊட்டி காமெட்:
கணக்கு சரி, ஆயினும் காமெட்டை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். மூன்று மீட்டருக்கும் குறைவான நீளம் என்பதால், சீசன் நேரத்தில் கமர்ஷியல் சாலையில் மற்றவர்கள் கைவிட்ட இடுக்கிலும் அது நின்றுவிடும். பின்சக்கர இயக்கம் என்பதால் ஈரமான ஏற்றத்தில் சக்கரம் சுழன்று நிற்பதும் குறைவு. ஆனால் நான்கு பேர் ஏறினால் ஒரு பை வைக்கக்கூட இடமில்லை. எங்கள் வீட்டில் இது இரண்டாவது கார். தங்களுக்கு ஒரே கார் என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குன்னூர் வயரிங்:
15 ஆம்பியர் பாயின்ட் போதும். 24 யூனிட் பேட்டரி இரவு முழுவதும் போட்டால் நிறைந்துவிடும். ஆனால் பழைய வயரில் ஒன்பது மணி நேரம் தொடர்ந்து சுமை ஏற்றக் கூடாது. மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுத்து, தனி எம்சிபியும் (சுமை மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) ஆர்சிசிபியும் (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்துங்கள். எர்த் மிக முக்கியம். நம் பக்கத்தில் இரண்டடி தோண்டினாலே பாறை வந்துவிடுவதால் பலர் எர்த் குழாயைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்; அப்படிப்பட்ட வீடுகளில் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு வேலை செய்ய மறுக்கும். அடுத்து, இரண்டு மாதக் கணக்கில் வீட்டு மின் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும். பழைய பில்லை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். காற்று மழைக் காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது வழக்கம் என்பதால், அப்போது பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

கோத்தகிரிவாசி:
மூவருக்கும் மிக்க நன்றி. காமெட்டை விட்டுவிட்டேன். பனிக்காலத்தில் வேறு ஏதேனும் தொல்லை உண்டா?

அரவேணு ஆசிரியர்:
உண்டு, ஆனால் சிறியது. டியாகோவில் உள்ள எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி கடுங்குளிரில் மின்சாரத்தை மெதுவாகவே ஏற்கும். அதனால் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு இறக்கத்தில் கார் வழக்கம்போல் இழுத்துப் பிடிக்காது. டெஸ்ட் டிரைவை ஊருக்குள் முடித்துவிடாமல், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஓட்டிவரக் கேளுங்கள். கிளம்பும்போதும் வந்து சேர்ந்த பிறகும் சார்ஜ் சதவீதத்தைக் குறித்துக்கொண்டால், என் கணக்கு எவ்வளவு தவறு என்பதும் தெரிந்துவிடும்.