பிஓடி கணக்கு வந்தாலே பேனாவை மூடிவிடுகிறார்கள்: என்ன செய்யலாம்?

கோவையில் சிவில் மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் பொறியியல் அறிமுகப் பாடம் எடுக்கிறேன். நொய்யலில் கலக்கும் சாயக்கழிவு பற்றிப் பேச்செடுத்தால் வகுப்பே ஆளுக்கொன்று சொல்கிறது. பிஓடி (நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) கணக்கு போர்டில் ஏறியதும் பாதிப் பேர் ஒதுங்கிவிடுகிறார்கள். "கெமிஸ்ட்ரி எங்களுக்கு வராது சார்" என்கிறார்கள். செமஸ்டர் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான்.

இத்தனைக்கும் ஆய்வகத்தில் கை நன்றாக ஓடுகிறது. 300 மி.லி. பாட்டிலைக் காற்றுக்குமிழி இல்லாமல் மூடிக் காட்டிய மாணவியிடம், கரைந்த ஆக்சிஜன் குறைந்த அளவை ஏன் நீர்த்தல் விகிதத்தால் (மாதிரியை எத்தனை மடங்கு நீர்த்தோம் என்பதால்) பெருக்குகிறோம் என்று கேட்டால் குரலே எழும்பவில்லை. மாதிரியை வைத்திருக்க வேண்டிய காலம் பாடநூலில் 20 டிகிரியில் 5 நாள், இந்தியத் தரநிலையில் 27 டிகிரியில் 3 நாள் என்று இருப்பது வேறு குழப்புகிறது.

கலங்கிய நீர் தெளிய எவ்வளவு படிகாரம் வேண்டும் என்று பார்க்கும் ஜார் டெஸ்ட் செய்ய வைத்தேன். அன்றைக்கு மட்டும் உற்சாகம். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் அழைத்துப் போனேன். குழுவாகக் கணக்கு கொடுத்தால் நன்றாகப் படிப்பவர் போட, மற்றவர்கள் பார்த்து எழுதுகிறார்கள். வாராந்திரத் தேர்வு வைத்ததில் பயம்தான் கூடியது. ஆர்வம் இருக்கிற பிள்ளைகள், அதனால்தான் விட மனமில்லை.

ஆய்வகத்தில் இருக்கும் தன்னம்பிக்கையைக் கணக்குக்கும் கொண்டுவர, உங்கள் வகுப்பில் நிஜமாகவே பலன் கொடுத்த வழி எது?