கால்சியம் மிகுந்த நிலத்தடி நீரில் யுரேனியம்: எதிரயனி ரெசின் போதுமா?

(அணைவு, ரெசின்காரன், அளவுகோல் ஆகியவை இங்கே விவாதிக்கும் மூவரின் புனைபெயர்கள்.)

அணைவு: பஞ்சாபின் மால்வா பகுதியின் யுரேனியம் கலந்த நீருக்கு எதிரயனி ரெசினை, அதாவது எதிர்ச்சுமை அயனிகளைப் பிடித்துக் குளோரைடை விடும் மணிகளை, பரிந்துரைப்பவர்கள் கால்சியத்தை மறந்துவிடுகிறார்கள். பி.எச். 7.5, பைகார்பனேட் லிட்டருக்கு 300 மி.கி., கால்சியம் 80 மி.கி. என்று வைத்துக் கணக்கிடுங்கள். யுரேனைலில் (நீரில் கரைந்த யுரேனியத்தின் அயனி வடிவம்) ஏறத்தாழ முக்கால் பங்கு, இரண்டு கால்சியமும் மூன்று கார்பனேட்டும் சேர்ந்த, மின்சுமையற்ற அணைவாக (அயனிகள் பிணைந்த கூட்டாக) இருக்கும். சுமையே இல்லாததை ரெசின் எப்படிப் பிடிக்கும்? முதலில் சாஃப்ட்னர் (கால்சியத்தை எடுத்துச் சோடியத்தை விடும் கருவி) வைத்துக் கால்சியத்தை எடுக்க வேண்டும்.

ரெசின்காரன்: கணக்கு சரி, முடிவு தவறு. மீதிக் கால் பங்கு ஒரே கால்சியம் கொண்ட, இரட்டை எதிர்ச்சுமை அணைவு. அதை ரெசின் எடுக்க எடுக்கச் சமநிலை நகரும். இந்த அணைவுகள் வேகமாகப் பிரிந்து சேர்பவை. அதைவிட முக்கியம், ரெசின் மணிக்குள் நிலையான நேர்ச்சுமை செறிந்திருப்பதால் கால்சியம் அயனி உள்ளே நுழையவே தயங்கும். அங்கே கால்சியம் கழன்று, யுரேனைலும் மூன்று கார்பனேட்டும் மட்டும் சேர்ந்த, நான்கு எதிர்ச்சுமை கொண்ட ட்ரைகார்பனேட் அணைவு ரெசினை இறுகப் பிடித்துக்கொள்ளும். இரும்பு ஆக்சைடு, அலுமினா போன்ற பரப்புகளில் கால்சியம் உண்மையிலேயே தடைதான். அந்தத் தரவை ரெசினுக்குப் பொருத்தாதீர்கள். சாஃப்ட்னர் வைத்தால் அந்த 80 மி.கி. கால்சியத்துக்கு ஈடாக 92 மி.கி. சோடியம் குடிநீரில் ஏறும்.

அணைவு: தொடக்கத்தில் ரெசினிலிருந்து வெளிவரும் நீரில் பைகார்பனேட்டுக்கும் சல்ஃபேட்டுக்கும் பதிலாகக் குளோரைடு வரும். எல்.இ.டி. ஃப்ளோரிமீட்டரில் (யுரேனியத்தை ஒளிரவைத்து அளக்கும் கருவியில்) குளோரைடு ஒளிர்வை மங்கச் செய்யும். ரெசினைத் தாண்டிய நீரில் யுரேனியம் குறைவாகத் தெரிந்தால், அது அதனால் வந்ததாக இருக்கலாமே?

அளவுகோல்: நியாயமான ஐயம். மாதிரியை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். 2-க்குக் கீழ் வையுங்கள். அளக்கும்போது சோடியம் பைரோஃபாஸ்ஃபேட் தாங்கலை (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசலை) சேர்த்து, பி.எச். 7 அருகே வருகிறதா என்று பாருங்கள். பிறகு தெரிந்த அளவு யுரேனியத்தை அதே குவளையில் ஏற்றி, ஒளிர்வு எவ்வளவு கூடுகிறது என்று பார்த்துக் கணக்கிட வேண்டும். வெறும் அளவுத்திருத்தக் கோட்டை நம்பினால் இரும்பும் மாங்கனீசும்கூட ஏமாற்றும். ஐ.சி.பி.-எம்.எஸ். (தனிமங்களை நிறையைக் கொண்டு அளக்கும் ஆய்வகக் கருவி) கிடைத்தால் சில மாதிரிகளை ஒப்பிட்டுவிடுங்கள்.

ரெசின்காரன்: சோதனை எளிது. 10 மி.லி. வலுக்கார எதிரயனி ரெசின், குளோரைடு வடிவம், நிமிடத்துக்கு 2 மி.லி. ஓட்டம். தொடுநேரம், அதாவது நீர் ரெசின் படுகையைக் கடக்கும் நேரம், 5 நிமிடம். 10,000 படுகை அளவு (ரெசினின் கன அளவைப்போல் 10,000 மடங்கு நீர்) என்றால் 100 லிட்டர், ஏறத்தாழ 35 நாள். தூய நீரில் கலக்கிய யுரேனியத்தை விடாதீர்கள், கிணற்று நீரையே விடுங்கள். சல்ஃபேட் மிகுந்தால் ரெசினின் ஆயுள் குறையும்.

அணைவு: யுரேனியத்துக்கு ஆயுள் நீளம் என்பதே ஆபத்து. சாதாரண ரெசினில் சல்ஃபேட் நைட்ரேட்டைத் தள்ளிவிடும். யுரேனியம் கசியும் நாளுக்கு வெகு முன்பே, ஒரு கட்டத்தில் உள்ளே போவதைவிட அதிக நைட்ரேட் வெளியே வரும்.

ரெசின்காரன்: அதை ஏற்கிறேன். நைட்ரேட் உள்ள கிணற்றில் அதையும் வாரந்தோறும் அளந்தே தீர வேண்டும். மற்றொரு பொறுப்பு கழிவு. லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் நீரை 10,000 படுகை அளவு ஓட்டினால், ஒரு லிட்டர் ரெசினில் 1 கிராம் யுரேனியம் சேரும். 4 லிட்டர் உப்புக் கரைசலில் அதை மீட்டால் லிட்டருக்கு 250 மி.கி. அந்தக் கரைசலை வயலிலோ சாக்கடையிலோ ஊற்ற யாருக்கும் உரிமை இல்லை. கழிவுக்கு வழி செய்யாத கிராமத்தில் ரெசினையே பரிந்துரைக்க மாட்டேன்.