ஒரு வருஷம் நாகர்கோயில்ல இருக்கப்போறோம், எந்த மாசம் எங்க போகலாம், என்ன சாப்பிடலாம்?

வல்லம்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். தஞ்சாவூர்லருந்து டிரான்ஸ்பர் ஆகி நாகர்கோயில் வந்திருக்கோம், நான், வீட்டுக்காரர், மாமியார். அடுத்த வருஷம் திரும்ப வேற ஊருக்கு மாத்திருவாங்க, அதுக்குள்ள இந்த ஜில்லாவை நிதானமா பாத்துரணும்னு ஆசை. விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை எல்லாம் ஸ்கூல் டூர்லயே பாத்தாச்சு. எனக்கு வேணும்ங்கறது தோட்டம், மலை, தண்ணி, பழைய அரண்மனை, கோயில், அப்புறம் இந்த ஊரு சாப்பாடு. யாரக் கேட்டாலும் "டிசம்பர் ஜனவரிதான் சீசன்"னு ஒரே பதில்தான் வருது, ஆனா இங்க ஜூன்லயே மழை கொட்டுது, எங்க ஊர்ல அப்போ வெயில் மண்டையப் பிளக்கும். எதுக்கு எந்த மாசம் நல்லதுன்னு ஊர்க்காரங்க சொல்லுங்க. மாமியாருக்கு முட்டி வலி, ரொம்ப ஏற முடியாது. மொட்டைமாடில கொஞ்சம் செடியும் வைக்கணும்.

கல்குளத்தான்:
தங்கச்சி, டிசம்பர்ல வாறது கடல் பாக்க வாற கூட்டம். உங்களுக்கு வேண்டியது உள்நாடு, அதுக்கு ஆனி ஆடி ஆவணியை விட்டா வேற மாசம் கிடையாது. இங்க ரெண்டு மழை, ஜூன்ல பிடிக்கிற தென்மேற்கு மழை, அதை இடவப்பாதின்னு சொல்லுவோம், அது ஒண்ணு, ஐப்பசி மழை ஒண்ணு, அதுக்குத் தக்கன கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு போகம் நெல்லு. ஜூன்ல பேச்சிப்பாறை அணைத் தண்ணியைத் திறந்து விட்டாச்சுன்னா சானல் எல்லாம் நிறைஞ்சு ஓடும், அப்ப மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போங்க. 1966ல கட்டினது, 115 அடி உயரம், ஒரு பக்கம் தொட்டிக்குள்ள தண்ணி சலசலன்னு போகுது, பக்கத்துலயே நாம நடக்கோம், கீழ பறளியாறு, சுத்தி தென்னையும் ரப்பரும். கும்பப்பூ அறுப்பு முடிஞ்சு தண்ணியை அடைச்ச பெறவு போனா வெறும் சிமெண்டுத் தொட்டியைப் பாத்துட்டு வரணும். பாலம் சமதளம்தான், மாமியாரும் மெள்ள நடந்திரலாம்.

பத்மநாபபுரம் அரண்மனையும் மழைல பாக்கணும்னுதான் நான் சொல்லுவேன். 1795 வரைக்கும் திருவிதாங்கூருக்கு அதுதான் தலைநகரம், இருக்கது தமிழ்நாட்டுல, பராமரிக்கது கேரளா தொல்லியல் துறை. திங்கக்கிழமை லீவு. ராஜா ஆலோசனை நடத்தின மந்திரசாலைல ஜன்னலுக்கு கலர் கலரா மைக்கா பதிச்சிருக்கும், வெளிய எப்படி வெயில் அடிச்சாலும் உள்ள ஒரு இருட்டும் குளிர்ச்சியும் உண்டு. தரையைக் குனிஞ்சு பாருங்க, கறுப்பா, முகம் தெரியும், சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேத்து போட்டதுன்னு சொல்லுவாங்க. செருப்பை வெளிய விட்டுட்டு வெறுங்காலோடதான் போகணும், மழை நாள்ல அந்தத் தரை காலுக்கு என்ன சுகமா இருக்கும் தெரியுமா. ஓடு வழியா தண்ணி முற்றத்துல விழுறதையும் நின்னு பாருங்க. மரப்படி எல்லாம் செங்குத்தா குறுகலா இருக்கும், அதனால மாமியாரை மேல ஏத்தாதீங்க, கீழ உள்ளதே அவங்களுக்கு நிறைய.

நவராத்திரிக்கு முந்தி இதே அரண்மனைலருந்துதான் சரஸ்வதி, குமாரகோயில் முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூணு பேரும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவாங்க, அந்தக் காலைல தக்கலைல நில்லுங்க, வழி நெடுக வீட்டு வாசல்ல விளக்கு வச்சு காத்துக்கிட்டு நிப்பாங்க.

தோவாளைப் பிச்சி:
அண்ணாச்சி சொன்னதோட நான் ஒண்ணு சேக்கேன், ஓணத்துக்கு முந்தி பூக்கோலம் போடத் தொடங்குற அத்தம் நாள் பிறந்ததுலருந்து ஒரு நாள் தோவாளை பூச்சந்தைக்கு வாங்க. விடியுறதுக்கு முன்னாடியே வரணும், ஏழு மணிக்கு வந்தா பாதிக் கடை காலி. கேந்தி, வாடாமல்லி, அரளி, சம்பங்கி எல்லாம் மூட்டை மூட்டையா வந்து இறங்கும், கேரளா வண்டி வரிசையா நிக்கும். மார்கழி தைல வந்தா பனில பூ குறைஞ்சு போயி பிச்சியும் மல்லியும் விலை எகிறிரும், ஒரு முழம் வாங்கவே யோசிக்கணும்.

முட்டத்துக்காரன்:
சாப்பாடுன்னு கேட்டதால சொல்லுதேன், மீன் நினைச்ச நேரம் நினைச்ச மாதிரி கிடைக்காது. எங்க ஜில்லாவுக்கு மட்டும் ரெண்டு தடைக்காலம், சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடல், ஏப்ரல் 15லருந்து ஜூன் 14, முட்டம் குளச்சல் பக்கம் மேற்குக் கடல், ஜூன் 1லருந்து ஜூலை 31. அப்ப விசைப்படகு போகாது, வள்ளக்காரங்க கொண்டாறதுதான், அதுவும் ஆடிக் கடல் கொந்தளிப்பா இருந்தா அதும் இல்ல. ஆகஸ்ட் பிறந்ததும் கரைக்கு வாங்க, கணவாய் மீன் வரும். அண்ணாச்சி ஆனி ஆடின்னு சொன்னது மலைக்குச் சரி, மீனுக்கு ஆவணிதான்.

குழித்துறை அக்கா:
மக்ளே, சாப்பாட்டை என்கிட்ட கேளு. பங்குனி சித்திரைல சக்கை, அதான் பலா, காயா இருக்கும்போது தேங்கா அரச்சு வேக வச்சு தின்னணும், பழுத்த பெறவு சொல்லவே வேண்டாம், குருவை, அதான் கொட்டையை, எடுத்து வச்சு மழைக்கு மாங்காயோட கறி வைப்போம். அதே சமயத்துல அக்கானியும் (பதநீர்) நொங்கும் ரோட்டோரம் வரும், காலைல இறக்கினதும் குடிச்சிரணும். மழை பிடிச்சாச்சுன்னா மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) சாளை மீன் கறியும். மட்டிப்பழம் வருஷம் பூரா உண்டு, 2023ல புவிசார் குறியீடு கூட கிடைச்சுது, இங்க கொச்சுப் பிள்ளைகளுக்கு முதல் முதல்ல குடுக்கதே அதுதான்.

ஆனா திருக்கார்த்திகைக்கு ஊர்ல இல்லாம எங்கயும் போயிராதே. அன்னைக்கு வீட்டுக்கு வீடு தெரளிக் கொழுக்கட்டை. பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காத் துருவல், பழம், ஏலக்கா சுக்கு எல்லாம் போட்டு பிசைஞ்சு, தெரளி இலையை கூம்பா சுருட்டி, உள்ள மாவை நிறைச்சு, ஈக்கு குத்தி ஆவில வைக்கணும். மூடியைத் திறந்ததும் பட்டை மாதிரி ஒரு மணம் தெரு வரைக்கும் போகும். கடைல வாங்காதே, பக்கத்து வீட்டுல சொல்லி வை, தருவாங்க, எங்க ஊர்ல இல்லன்னு சொல்ல மாட்டாங்க.

வல்லம்வாசி:
அக்கா, அண்ணாச்சி, எல்லாருக்கும் ரொம்ப நன்றி, வீட்டுக்காரர் காலண்டரை எடுத்து வச்சு இப்பவே குறிச்சுக்கிட்டிருக்கார். அப்போ டிசம்பர் ஜனவரில ஒண்ணுமே இல்லையா? சிதறால் மலை ஏற முடியுமா? திற்பரப்பு அருவிக்கு எப்போ போகலாம்?

கல்குளத்தான்:
டிசம்பர்ல சுசீந்திரம் தேரூர் குளத்துக்குப் போங்க, 2022ல ராம்சர்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்ல வந்த இடம், கூழைக்கடா, நாரை எல்லாம் ரோட்டுலருந்தே தெரியும், மாமியார் வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம். பக்கத்துலயே தாணுமாலயன் கோயில். சிதறால்ல கல்லு பாவின பாதைதான், ஆனா ஏத்தம் நல்லாவே உண்டு, நீங்க ரெண்டு பேரும் காலைல போயிட்டு வாங்க, பாறைல செதுக்கின சமணத் தீர்த்தங்கரர் சிற்பம் 9ஆம் நூற்றாண்டு, விட்டுராதீங்க. திற்பரப்பு மழை கொஞ்சம் ஓஞ்சதும், ஆவணி புரட்டாசில. வெள்ளம் ஜாஸ்தியா இருந்தா குளிக்க விடமாட்டாங்க.

தோவாளைப் பிச்சி:
செடிக்கு யாரும் பதில் சொல்லல. கன்னியாகுமரி போற வழில அரசு பழத்தோட்டம் இருக்கு, ஒட்டுக்கன்னு அங்க வாங்கிக்கிடுங்க. ஆனா ஆரல்வாய்மொழி மலைக்கணவாய்க் காத்து ஆடில மாடித் தொட்டியை எல்லாம் உருட்டிப் போடும், உயரமான செடியை கைப்பிடிச் சுவரு ஓரமா இறக்கி வச்சு கட்டி வைங்க. கத்திரி, வெண்டை, பிச்சி எல்லாம் காத்து அடங்கின பெறவு புரட்டாசில வச்சாப் போதும், ஐப்பசி மழைல அதுவா பிடிச்சுக்கிடும்.